அடுப்பங்கரையை விட்டு நகராத பெரியவர்: மலை ஊர்களில் வீட்டுப் பராமரிப்பு

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஐந்து இருளர், குறும்பர் ஊர்களில் வீடு தேடிப் போய் முதியவர்களைக் கவனிக்கும் சிறு குழுவை ஒருங்கிணைக்கிறேன். இரண்டு நர்ஸ்கள், நான்கு உதவியாளர்கள், பதினொரு முதியவர்கள். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன எழுபது வயது கடந்த இருளர் பெரியவர் ஒருவருக்கு இரும்புக் கட்டிலும் காற்று மெத்தையும் வாங்கிக் கொடுத்தோம். கட்டிலை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு அவரை மறுபடியும் அடுப்புக்குப் பக்கத்தில் பாயில் படுக்க வைத்துவிட்டார்கள். இப்போது இடுப்புக்குக் கீழே புண். டயப்பர் கட்ட விடமாட்டேன் என்கிறார், மூத்திரத்துக்கு டியூப் போட்டிருக்கிறது. உள்ளூர் வைத்தியர் இலை அரைத்துப் பூசுகிறார். போன மாதம் எங்கள் உதவியாளரை "இனி வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. அவர்கள் வழக்கத்தை மதிக்க வேண்டும், ஆனால் ஆள் நலிந்து போவதைப் பார்த்துக்கொண்டும் இருக்க முடியாது. என்ன செய்வது?

பதில்: முதலில் புண். நடுவில் கறுத்துக் காய்ந்த தோல், உள்ளே எலும்பு தட்டுப்படுவது, சுற்றி வீக்கமும் சூடும் பரவுவது, காய்ச்சல், ஆள் குழம்பிப் பேசுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே எழுதியிருப்பதற்கெல்லாம் காத்திருக்காமல் நாளைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வாரத்தில் முதல் வேலை, உங்களை ஏன் வர வேண்டாம் என்றார்கள் என்று தெரிந்துகொள்வது.

வீட்டாரிடம் நேராக "ஏன்" என்று கேட்டால் பதில் வராது. "ஒன்றும் இல்லை" என்பார்கள். ஊர் மூப்பனையோ, அந்த ஊரில் எல்லாரும் பேச்சுக் கேட்கிற மூத்த பெண்மணியையோ போய்ப் பாருங்கள். ஃபைல், பை, கோட் எதுவும் வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து, கொடுக்கிற வரக்காப்பியைக் குடித்துவிட்டு, "நாங்கள் எப்படி வந்தால் சரியாக இருக்கும்?" என்று கேளுங்கள். கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டால் யாரையும் குற்றம் சொல்லாமல் பதில் சொல்ல அவர்களுக்கு வழி கிடைக்கும்.

வரக்கூடிய பதில்கள் பெரும்பாலும் சின்ன விஷயங்களாகவே இருக்கும். உதவியாளர் செருப்போடு வாசலைத் தாண்டியிருப்பார். அடுப்பைக் கடந்து போயிருப்பார். பெரியவரை "நீ", "வா", "திரும்பு" என்று ஒருமையில் அழைத்திருப்பார். சமவெளியிலிருந்து வருகிற பணியாளர்களிடம் இந்தப் பழக்கம் வெட்கக்கேடான அளவுக்கு இருக்கிறது. வீட்டில் மாமனாரைக் கண்டால் கைகூப்பி நிற்கிறவர்கூட மலையில் ஏறியதும் எண்பது வயதுக்காரரை "நீ" என்கிறார். அவரை எப்படி அழைக்க வேண்டும் என்று வீட்டாரிடமே கேட்டு, குழுவில் எல்லாரும் அதையே சொல்லுங்கள்.

இன்னொரு சாத்தியம், உறவுமுறை. உங்கள் உதவியாளர் பக்கத்து ஊர் இருளர் பெண்ணாக இருந்தால், அவருக்கும் அந்தப் பெரியவருக்கும் தொட்டுப் பழகக் கூடாத முறை இருக்கலாம். "நம்ம ஆளைத்தானே அனுப்பினோம்" என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், சிக்கலே அங்கேதான் இருந்திருக்கும். யார் குளிப்பாட்டலாம், யார் துணி மாற்றலாம், யார் அந்த அறைக்குள் நிற்கவே கூடாது என்பதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சில வீடுகளில் மாதவிலக்கு நாட்களில் பெண்கள் ஒதுங்கியிருப்பார்கள். பராமரிப்பது மருமகள் மட்டும்தான் என்றால் மாதத்தில் அந்தச் சில நாட்கள் பெரியவருக்கு ஆளே இருக்காது. அதைச் சரியா தவறா என்று விவாதிக்க நீங்கள் அங்கே போகவில்லை. அந்த நாட்களுக்கு மாற்று ஆள் யார் என்பதை அட்டவணையில் முன்கூட்டியே எழுதினால் போதும்.

கட்டைவிரல் ரேகை இன்னொரு காரணம். ஒப்புதல் படிவமும் மைப்பெட்டியும் எடுத்துப் போனீர்களா? கைநாட்டு வைத்து நிலம் இழந்த குடும்பங்கள் மலையெங்கும் உண்டு. காகிதம் நீட்டுகிற வெளியாளைப் பார்த்தால் பயம் வருவது நியாயம்தான். முதல் சந்திப்பில் வாய்வழி ஒப்புதல் போதும். மூப்பன் முன்னிலையில், அவர்கள் மொழி தெரிந்தவர் வாசித்துச் சொல்ல, ரேகை பிறகு வாங்கலாம். புகைப்படமும் அப்படியே. நன்கொடையாளருக்கு அறிக்கை அனுப்பப் புண்ணையும் அரைகுறை ஆடையையும் படம் எடுத்திருந்தால், உங்களை வெளியே போகச் சொன்னது மிகச் சரி. சிகிச்சைக்காகப் புண்ணின் படம் தேவைப்பட்டால் முகம் வராமல், கேட்டுவிட்டு, நர்ஸின் போனில் மட்டும் எடுங்கள்.

கடிதத்தில் "அவர்கள் வழக்கம்" என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கிறீர்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக அரசு வகைப்படுத்திய ஆறு சமூகமும் நீலகிரியில் இருக்கின்றன. குறும்பரிலேயே ஆலு, பெட்ட, முள்ளு என்று பிரிவுகள். தோடர் ஊரான மந்தில், அவர்கள் புனிதமாகக் கருதும் பால் மனையான பால்கோயில் பக்கம் போகக் கூடாது. இளையவர் குனிய, பெரியவர் காலைத் தூக்கி அவர் நெற்றியில் வைப்பது அங்கே வணக்கம். இடுப்பு எலும்பு முறிந்த தோடர் மூதாட்டிக்குப் பயிற்சி சொல்லும் பிசியோதெரபிஸ்ட், அந்தக் கால் எதற்காகவெல்லாம் உயர வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இருளர் பதியில் கற்றதைத் தோடர் மந்திலோ, காட்டுநாயக்கர் பாடியிலோ அப்படியே செய்தால் மறுபடி வாசலில் நிற்பீர்கள். ஐந்து ஊருக்கும் ஐந்து தனித்தனிக் குறிப்பு வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போதும்.

இனி கட்டில். அதை வெளியே போட்டது பிடிவாதத்தால் அல்ல. ஆயுள் முழுக்கத் தரையில் படுத்தவருக்கு இரண்டரை அடி உயரத்தில் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே கிடப்பது பயம். ஒரு பக்கம் விழுந்தவர் அதிலிருந்து உருண்டால் இடுப்பு உடையும். பெரியவரின் இடம் அடுப்புக்குப் பக்கம். மலைக் குளிரில் சூடு அங்கேதான், பேச்சும் சோறும் அங்கேதான். கட்டில் வாசல் அறையில் தனியாக நின்றிருக்கும். அவரை அங்கே கிடத்துவது ஒதுக்கி வைப்பது போல அவருக்குப் பட்டிருக்கும். காற்று மெத்தைக்கு மின்சாரம் வேண்டும், மழைக் காலத்தில் மலையில் மின்சாரம் நாள் கணக்கில் போகும். காற்று இறங்கிய மெத்தை என்பது கெட்டித் தரையின் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. பாயைவிட மோசம், வேர்வையும் சேரும்.

ஆனால் வெறும் தரையிலும் விட முடியாது. டியூபில் மாட்டிய மூத்திரப் பை எப்போதும் வயிற்றுக்குள் இருக்கிற சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும். பாயில் படுத்தவருக்குக் "கீழே" என்று ஓர் இடமே கிடையாது. பை பக்கத்தில் தரையில் கிடக்கும், திருப்பும்போது உடம்புக்கு மேலே வரும், மூத்திரம் பின்னோக்கிப் போய்த் தொற்று வரும். கூடவே, தரையில் குனிந்து ஒருவரை நாளுக்குப் பத்துத் தடவை திருப்பினால் மருமகளின் முதுகு ஒரு மாதத்தில் போய்விடும். அதனால் நடுவழி: அவர் படுக்கும் அதே இடத்தில், அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி, ஒன்று முதல் ஒன்றரை அடி உயரத்தில் மூங்கில் பரண் அல்லது மண் மேடை. அதை வீட்டு ஆண்களே ஒரு நாளில் செய்துவிடுவார்கள், பொருளுக்கும் கூலிக்கும் நீங்கள் பணம் கொடுங்கள். அதன்மேல் நான்கு அங்குல கெட்டி ஃபோம், அதன்மேல் பருத்தி விரிப்பு. விழுந்தாலும் ஒன்றரை அடிதான், பைக்கும் தொங்க இடம் கிடைக்கும். பை தரையைத் தொடாமல் சிறு கொக்கியில் மாட்டுங்கள்.

எந்தப் பக்கம் அடுப்பை நோக்கி இருக்க வேண்டும் என்பது முக்கியம். அவருக்கு இடது பக்கம் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அந்தக் கை தணலில் வெந்தாலும் தெரியாது. உணர்ச்சி உள்ள வலது பக்கம் அடுப்பைப் பார்க்கும்படி படுக்க வையுங்கள். சூடு பண்ணிய கல்லைத் துணியில் சுற்றிக் காலடியில் வைக்கும் வழக்கம் இருந்தால், விழுந்த பக்கம் மட்டும் வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள். புகைக்கு, அடுப்பை அணைக்கச் சொல்லாதீர்கள், நடக்காது. காய்ந்த விறகை உபயோகிப்பதும், அடுப்புக்கு மேலே கூரையில் ஓட்டை திறந்து வைப்பதும், பெரியவரின் தலையைக் கதவுப் பக்கம் வைப்பதும் நடக்கக்கூடியவை. வேறு எந்த வீட்டிலாவது ஆக்சிஜன் இயந்திரம் வைக்க நேர்ந்தால் கதை வேறு. தீயும் பீடியும் பத்தடிக்குள் இருக்கவே கூடாது. அந்த ஏற்பாடு முடியாத வீட்டில் ஆக்சிஜன் வைக்காதீர்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும் என்று எழுதி ஒட்டியிருப்பீர்கள். கடிகாரம் பார்க்காத வீட்டில் அது வெறும் காகிதம். இரவில் அடுப்பு அணையாமல் யாராவது எழுந்து விறகு தள்ளுகிறார்கள் இல்லையா? "விறகு தள்ளும்போதெல்லாம் ஆளைத் திருப்பு" என்று சொல்லிப் பாருங்கள். பகலில் காப்பி, கஞ்சி, தண்ணீர் எடுத்து வந்ததும், மத்தியானச் சாப்பாடு, ஆடு திரும்பும் நேரம் என்று வீட்டின் வேலைகளோடு கட்டுங்கள். ஃபோம் நல்லதாக இருந்தால் இரவில் மூன்று, நான்கு மணி நேரம் வரை விடலாம், காலையில் தோலில் புதிதாக நிறம் மாறவில்லை என்றால்.

திருப்புவது என்றால் முழுக்கப் பக்கவாட்டில் சாய்ப்பது அல்ல, அப்படிச் செய்தால் பாரம் இடுப்பெலும்பின் முனைக்குப் போய் அங்கே அடுத்த புண் வரும். முதுகுக்குப் பின்னால் சுருட்டிய கம்பளி வைத்து 30 டிகிரி சாய்வு போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு துணி. கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த துணி வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்துங்கள். இழுக்காமல் விரிப்போடு இருவர் தூக்கி நகர்த்த வேண்டும், இழுத்தால் தோல் உள்ளே கிழியும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டாம், சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். நிறம் மாறிய எலும்பு மேட்டை எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் கூடாது.

நர்ஸிங் புத்தகங்கள் "தோல் சிவந்தால் எச்சரிக்கை" என்கின்றன. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. உங்கள் உதவியாளர்கள் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் புண் வெடிக்கும்வரை ஒன்றும் தெரிந்திருக்காது. சுற்றியுள்ள தோலைவிடக் கருநீலமாகவோ, பளபளப்பாகவோ, தொட்டால் சூடாகவோ, கெட்டியாகவோ, சில சமயம் சொதசொதவென்றோ இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். வால் எலும்பு, இரு இடுப்பு, குதிகால், கணுக்கால், காதுமடல், தலையின் பின்புறம். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், அடுப்பு வெளிச்சத்தில் எல்லாமே சிவப்பு.

புண்ணைக் கழுவ: அரை லிட்டர் தண்ணீரை ஒரு மட்டமான டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, மூடி ஆற வையுங்கள். அன்றைக்குக் காய்ச்சியது அன்றைக்கே. சுத்தமாக ஆறி வருகிற புண்ணில் தினமும் அயோடினும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஊற்றினால் புதுச் சதையும் சேர்ந்து செத்துப்போகும். நாற்றம் இருந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவது நோய்த்தணிப்புச் சிகிச்சையில் (வேதனையைக் குறைப்பதற்கான சிகிச்சை) வழக்கம், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்றம் போவது புண் ஆறுவதைவிடக் குடும்பத்துக்குப் பெரிய விஷயம். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

வைத்தியர் விஷயத்தில் உங்கள் கடிதத்தில் கொஞ்சம் பொறுமையின்மை தெரிகிறது. அவரை ஒதுக்கினால் பூச்சு நிற்காது, நீங்கள் போன பிறகு பூசுவார்கள், உங்களிடம் மறைப்பார்கள். அவரைப் புண்ணுக்குப் பக்கத்தில் கூட்டி வந்து, தோல் திறந்த இடத்தையும் திறக்காத இடத்தையும் காட்டுங்கள். திறந்த இடம் நர்ஸுக்கு, முழுத்தோல் உள்ள இடம் அவருக்கு. கயிறு கட்டுவது, மந்திரிப்பது, வேண்டுதல் எல்லாம் அவர் பங்கு, அதில் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரே ஒரு விஷயம் கண்டிப்பாகக் கேளுங்கள்: உள்ளுக்கு என்ன கொடுக்கிறார்? குறிப்பாகச் சர்க்கரைக்கு. சர்க்கரையைக் குறைக்கும் கஷாயமும் கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆபத்து. வீட்டார் வேலைக்குப் போய்விட, கஞ்சி பதினோரு மணிக்குத்தான் கிடைக்கும் என்றால் பெரியவர் காலை மாத்திரையோடு மயங்கிக் கிடப்பார். பக்கவாதம் மறுபடி வந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். வேர்வை, நடுக்கம், குழப்பம் இருந்தால் விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், 15 நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொரு தடவை. நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. தளர்ந்த முதியவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருப்பதைவிடக் குறைவது கொடியது என்பதை டாக்டரிடம் பேசி, மாத்திரையைச் சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்ப மாற்றச் சொல்லுங்கள்.

இருளர், குறும்பர், பணியர் மத்தியில் அரிவாள் செல் ரத்தசோகை (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோய்) உண்டு. இந்தியாவில் இந்த நோய் 1952-ல் முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். உங்கள் பதினொரு பேருக்கும் பரிசோதனை ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குத் தண்ணீர் குறைவும் குளிரும் வலியைக் கிளப்பும். கணுக்காலுக்கு மேல் ஆறாத புண் இருந்தால் படுக்கைப்புண் என்று எழுதிவிடாதீர்கள், அது இந்த நோயினுடையதாக இருக்கலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையும் இவர்களுக்குத் தவறான எண் காட்டும். விரல் நுனி ரத்தத்தில் பார்த்த எண்ணையே டாக்டருக்குக் கொடுங்கள்.

டயப்பர் வேண்டாம் என்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். மூத்திரத்துக்கு டியூப் இருக்கிறவருக்கு அது மலத்துக்கு மட்டும்தான். ஈரத்தோடு பல மணி நேரம் கட்டி வைத்தால் இப்போதைய புண்ணுக்குக் கேடு. உபயோகித்த டயப்பரைக் காட்டோரம் போட்டால் பன்றி இழுத்து வரும், எரித்தால் வீட்டுக்குள் பிளாஸ்டிக் புகை. ஆனால் அவர் மறுப்பதன் காரணம் வேறாக இருக்கலாம்: அடுப்பும் முன்னோரும் இருக்கிற வீட்டுக்குள் மலம் கழிப்பது என்பதே அவருக்குத் தாங்காத விஷயம். அப்படியானால் வீட்டுக்குப் பின்னால், வாசலிலிருந்து பத்துத் தப்படிக்குள், மூன்று பக்கம் தட்டி மறைப்பு. நடு ஓட்டை போட்ட கெட்டி நாற்காலி, கீழே வாளி, வாளிக்குள் இரண்டு கை சாம்பல். போகும் வழியில் வலது கைப் பக்கம் மணிக்கட்டு உயரத்தில் மூங்கில் கைப்பிடி, ஏனென்றால் பிடிக்க முடிகிற கை அதுதான். காலையில் சூடாகக் காப்பி குடித்து இருபது, முப்பது நிமிடத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் தினமும் உட்கார வைத்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும். இரவில் மட்டும் உள்ளே ஒரு வாளி. யானையும் கரடியும் நடமாடும் இடத்தில் இரவு வெளியே கூட்டிப் போகாதீர்கள், பெரியவருக்கும் அது புரியும். டியூப் எதற்குப் போட்டார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். மூத்திரம் அடைத்ததற்கு அல்லாமல் ஆஸ்பத்திரி வசதிக்காகப் போட்டிருந்தால் எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள், பாதிப் பிரச்சினை அதோடு போகும்.

சாப்பாட்டில் ஒரே எச்சரிக்கை, களி. ராகிக் களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவது அவர் ஆயுள் பழக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு அது தொண்டையில் நிற்கும். ராகியை விட வேண்டாம், கூழ் பதத்துக்குத் தளர்த்துங்கள். தண்ணீரைவிடக் கெட்டிக் கூழ் அவருக்குப் பாதுகாப்பு, ஏனென்றால் தண்ணீர் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போகும். குடித்த பிறகு இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உள்ளே போகிறது என்று அர்த்தம். நேராக உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, வலது கன்னப் பக்கம் ஊட்டி, முடிந்ததும் இடது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று விரலால் பாருங்கள். அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். புண் ஆற புரதம் வேண்டும்: முட்டை, பருப்பு, அவரை, கீரை, கிடைத்தால் மீன். காட்டிலிருந்து என்ன வருகிறது என்று துருவிக் கேட்காதீர்கள். எழுதிவைக்கவும் வேண்டாம். வன இலாகாவுக்குப் போகும் என்ற பயத்தில் அடுத்த கதவும் மூடும்.

நிர்வாகத்தில் நீங்கள் மாற்ற வேண்டியது நேரமும் கூலியும். காலை 8 மணிக்கு எல்லாரும் வேலைக்குப் போய்விடுகிற ஊரில் 11 மணிக்கு நர்ஸ் போனால் பெரியவரும் நாயும்தான் இருப்பார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆளைப் பார்க்கவே முடியாது. முதல் மூன்று வருகையையாவது ஞாயிற்றுக்கிழமையிலோ சந்தை நாளுக்கு மறுநாளோ வையுங்கள். காப்பி பறிக்கும் மாதங்களில் இளையவர்கள் தோட்டத்திலேயே தங்கிவிடுவார்கள், தேன் எடுக்கும் காலத்தில் ஆண்கள் காட்டில். அந்த வாரங்களுக்குத் தனி அட்டவணை வேண்டும். ஊருக்கு இருவர், அதே ஊரிலிருந்து, ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறவர்களைப் பயிற்சி கொடுத்து எடுங்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண். தேயிலைத் தோட்டக் கூலிக்குக் குறையாமல், வாரா வாரம் கையில் கொடுங்கள். "சேவை" என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கினால் பறிப்புக் காலம் தொடங்கியதும் ஒருவரும் இருக்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மருந்தை வாராவாரம் பிரித்து, சூரியன், நடுப்பகல், நிலா படம் வரைந்த மூன்று டப்பாவில் போட்டு, ஒழுகாத எலி ஏறாத இடத்தில் தொங்கவிடுங்கள், அடுப்புக்கு மேலே அல்ல. ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும் உட்கார வைத்த பிறகும் பார்க்க வேண்டும். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் மாத்திரை அளவைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசுத் திட்டத்தில் வீட்டு வாசலில் மாத்திரை தருவதோடு நோய்த்தணிப்பும் பிசியோதெரபியும் உண்டு. இரண்டு குழு ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் போய்க் குழப்பாமல், அவர்கள் போகும் நாளை உங்கள் அட்டவணையில் குறித்துக்கொள்ளுங்கள்.

மரியாதை என்பதற்காக எல்லாவற்றுக்கும் வாய்மூடி இருக்கத் தேவையில்லை. பெரியவர் பட்டினி கிடக்கிறார், அடி வாங்குகிறார், ஓய்வூதியப் பணம் சாராயத்துக்குப் போகிறது என்றால் முதலில் மூப்பன், அடுத்து கிராம சுகாதார செவிலியர். அங்கே தீராவிட்டால் முதியோர் உதவி எண் 14567, அதற்கும் மேலே பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம். நேராகக் கடைசிப் படிக்கு ஓடினால் அந்த ஊரில் உங்கள் வேலை அன்றோடு முடிந்தது.

கடைசிக் காலத்தைப் பற்றி இப்போதே பேசுங்கள், அவர் பேச முடிகிறபோதே. பேச்சு வராவிட்டால் கையை அழுத்தி ஆம், இல்லை சொல்லலாம், கேள்வி இருளர் மொழியில் இருக்கட்டும். எங்கே இறக்க விரும்புகிறார், யார் பக்கத்தில் இருக்க வேண்டும், எந்தக் குலத்து இடுகாடு. ஆஸ்பத்திரியில் இறந்தால் உடலைக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் குடும்பத்தின் பெரிய பயம், அதனாலேயே பலர் ஆஸ்பத்திரிக்கே வர மறுக்கிறார்கள். 108 உடலை ஏற்றாது. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து இலவச அமரர் ஊர்திக்கு எண் 155377. வீட்டிலேயே இறந்தால் கடைசி நோயைப் பற்றி டாக்டர் எழுதிய சீட்டு வீட்டில் இருக்கட்டும். பிரேதப் பரிசோதனை என்ற பேச்சு எழாமல் இருக்க அது உதவும். 21 நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் இறப்பைப் பதிய வேண்டும், விட்டால் மனைவிக்கு விதவை ஓய்வூதியம் இழுத்தடிக்கும். சடங்கு முடியும்வரை உங்கள் குழுவிலிருந்து யாரும் படிவத்தோடு போக வேண்டாம். போனால் வெறுங்கையோடு போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

வெளியே கிடக்கிற இரும்புக் கட்டிலை உடனே தூக்கி வந்துவிடாதீர்கள், கோபித்துக்கொண்டு எடுத்துப் போனதாகிவிடும். மூங்கில் பரண் கட்டி முடித்த பிறகு, "இது இனி வேண்டுமா?" என்று கேளுங்கள். விறகு நனையாமல் அடுக்க அது வேண்டும் என்றால் விட்டுவிட்டு வாருங்கள்.